கட்டைவிரல் ரேகை விழாத தெரு

ஜூன் 8, திங்கள்

காலை ஒன்பதுக்கே வெயில் சுடுகிறது. கத்திரி முடிந்துவிட்டதை யாராவது போய் வெயிலிடம் சொன்னால் தேவலை.

10.12க்கு மெயில். சூரத் ஆஸ்பத்திரி. ஸ்டாஃப் நர்ஸ், ஐ.சி.யூ. வரும் 17, புதன்கிழமை சேர வேண்டும். மூன்று முறை படித்தேன். நான்காவது முறை பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். தினகரன் ஏ. சரி.

நாலு வருஷ பி.எஸ்சி. நர்சிங், ஏழு மாதம் வீட்டில் ஃபேன் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. முடிந்தது. போறேன்.

அப்பா தறியில் இருந்தார். கத்திச் சொன்னேன்.

"எந்த ஊருன்ன?"

"சூரத்."

தறி நின்றது. "சூரத்தா? நம்ம ஜரிகை வர ஊருடா அது!"

"ஆமாம்பா. அங்க ஆஸ்பத்திரியும் இருக்குது."

முப்பது வருஷமாக சூரத் ஜரிகையைப் பட்டுக்குள் விட்டுக்கொண்டு இருக்கிறார். ஆனால் அரக்கோணத்துக்கு அந்தப் பக்கம் போனதில்லை. சிரித்துக்கொண்டே திரும்பத் தறிக்குள் காலை விட்டார். என்ன சம்பளம், எத்தனை நாள் லீவு, ஒன்றும் கேட்கவில்லை. அதெல்லாம் அம்மா கேட்டாள். இரண்டு முறை.

எதிர்வீட்டு சரோஜா அத்தை வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே:

"சூரத்துல இன்னாடா வேலை? ஜரிகைக் கடையிலயா?"

"நர்ஸ் வேலை அத்தை."

"பொம்பளைங்க வேலையாச்சே அது."

"போன வருஷம் மாமாவுக்குப் புண்ணு கட்ட ஒரு மாசம் யாரைக் கூப்பிட்டீங்க?"

கீரை உருவும் வேகம் கூடியது.

மெயிலில் கேட்டவை:
1. நர்சிங் கவுன்சில் என்.ஓ.சி. விண்ணப்பித்த ரசீது போதும். இருக்கிறது.
2. மெடிக்கல் ஃபிட்னஸ். நாளை.
3. ஹெபடைடிஸ் ஊசி மூன்று டோஸ். காலேஜிலேயே ஆச்சு.
4. விரல்ரேகை சரிபார்ப்பு. ஏஜென்சி ஆள் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவார். ரேகை ஆதாரோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் இடம் வெயிட்டிங் லிஸ்டில் அடுத்த ஆளுக்கு.

நாலாவது இரண்டு நிமிட வேலை. டிக் போட்டாயிற்று.

பாஸ்கர் போன் செய்தான். என் வகுப்பு, ஐயம்பேட்டை. அவனுக்கும் அதே ஆஸ்பத்திரி, எமர்ஜென்சி வார்டு. "மச்சி, யாரோ ஒருத்தன் அடுத்தவன் சர்டிஃபிகேட்டை வெச்சி வேலைக்கு சேர்ந்துட்டானாம், அதான் இந்த விரல் கூத்து" என்றான். எங்கே கேட்டானோ. இரண்டு பேருக்கும் 15, திங்கள் காலை ரயிலில் டிக்கெட் போட்டேன். எனக்கு பெர்த், அவனுக்கு ஆர்.ஏ.சி. கத்தினான். நான்தானே போட்டேன், அப்படித்தான் இருக்கும்.


ஜூன் 9, செவ்வாய்

அதே வெயில். ஃபிட்னஸ் முடிந்தது. பி.பி. 130. டாக்டர் "டென்ஷனா?" என்றார். சந்தோஷம் என்றேன். அதுவும் ஏற்றும் என்றார்.

மதியம் அப்பாவோடு ரேஷன் கடை. அரிசி மூட்டை தூக்க என்னைக் கூட்டிப் போனார். எப்போதும் இருக்கும் வசந்தா அக்கா லீவு. பதிலுக்கு ஒரு புது ஆள். மெஷினை நீட்டி "கட்டைவிரல்" என்றார். அப்பா வேறு ஏதோ கையைத் தூக்கினார். பின்னால் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள், இவர் கையை ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறார். நானே அவருடைய வலது கட்டைவிரலைப் பிடித்து அமுக்கினேன். சிவப்பு விளக்கு. மறுபடி. சிவப்பு.

"கையைக் கழுவினியா இல்லியாப்பா?"

"டேய், அது வந்து..."

"சும்மா இருப்பா, நான் வெக்கறேன்." வேட்டியில் துடைத்து மறுபடி அமுக்கினேன். சிவப்பு.

"மூணு தடவை ஆச்சி, இன்னிக்கு வுடாது. அப்புறமா வாங்க" என்று புது ஆள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். கை கழுவாமல் வந்தால் இப்படித்தான் என்று எல்லோர் எதிரிலும் சொன்னேன். அப்பா வெறும் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒன்றேகால் மணி நேரம் வீண்.

குஜராத்தி, யூடியூபில் இன்று:
துகாவோ = வலி
பாணீ = தண்ணீர்
ஹாத் = கை
டாபோ = இடது
ஜமணோ = வலது
கயோ = எது

தங்கச்சி பவித்ரா (ஏனாத்தூரில் பி.காம். இரண்டாம் வருஷம், எல்லாம் தெரிந்தவள்) ஒட்டுக்கேட்டுவிட்டு, "டாபோன்னா தாபாவாண்ணா? அங்க பரோட்டா கிடைக்குமா?" என்றாள். தலையணையை விட்டெறிந்தேன். படவில்லை.


ஜூன் 10, புதன்

வெயில். புழுக்கம். மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

வேலை எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது எனக்கு ஆகாது. பெட்டியை இரண்டு முறை அடுக்கி இரண்டு முறை கலைத்தேன்.

வீட்டில் ஒரு பிரச்சினை. தறியில் சேலை முடிந்துவிட்டது. புதுப் பாவு, அதாவது அடுத்த சேலைக்கான நீளவாட்டு இழைகள், வந்து உட்கார்ந்திருக்கிறது. அரக்கு நிறம். பழைய பாவின் மிச்ச நுனியோடு புதுசின் நுனியை ஒவ்வொரு இழையாகச் சேர்த்து முறுக்கினால்தான் தறி ஓடும். பிணைப்பது என்போம். ஐயாயிரத்துச் சொச்சம் இழை. எங்கள் தெருவில் அதைச் செய்வது குமுதா அக்கா. அவர் மகளுக்குப் பிரசவம், திருவண்ணாமலைக்குப் போய்விட்டார். அடுத்த வாரம்தான் வருவார்.

"அமாவாசைக்குள்ள பிணைச்சிட்டா நல்லா இருக்கும். இல்லன்னா ஒரு வாரம் தறி சும்மா நிக்கும்" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல்.

"நான் பண்றேன்" என்றேன்.

அப்பா: "வாணாம், வுடு. நீ ஊருக்குப் போற நேரத்துல."

"ஒண்ணரை நாள் வேலைப்பா. குமுதா அக்கா ரெண்டு நாள் இழுக்கும்."

யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் உட்கார்ந்தேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பத்து வயசில் கற்றுக்கொண்டது. பிளஸ் டூவுக்குப் பிறகு தொட்டதில்லை. சாம்பலை விரலில் தொட்டு, இரண்டு நுனியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு உருட்டு, ஒரு மடிப்பு, இன்னொரு உருட்டு. முடிச்சு கிடையாது. சாம்பலும் முறுக்கும்தான் பிடிக்கும். முதல் அரை மணி நேரம் விரல் மறந்திருந்தது. பிறகு தானாக ஓட ஆரம்பித்தது. மொபைலில் நேரம் வைத்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஆறு. சாயங்காலம் எட்டு.

காலேஜில் முதல் தடவை ஒருவர் நரம்பில் கேனுலா போட்டபோது மேடம் கேட்டார், "உனக்கு மட்டும் ஏன்பா கை நடுங்கலை?" பழக்கம் மேடம் என்றேன். என்ன பழக்கம் என்று சொல்லவில்லை. மெலிசான இழை வழுக்காமல் இருக்க விரலை எப்படி வைக்க வேண்டும் என்பதை மூன்றாம் வருஷப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை நான்.


ஜூன் 11, வியாழன்

காலை ஆறரைக்கே உட்கார்ந்துவிட்டேன். விரல் நுனி லேசாக எரிந்தது. சாம்பல். பொருட்படுத்தவில்லை.

பாஸ்கர் பதினொன்றுக்கு போன். ஏஜென்சி ஆள் இன்று ஐயம்பேட்டைக்கு வந்தாராம். "வெச்சேன், பச்சை விழுந்துச்சி, போயிட்டான். டீ கூட குடிக்கல."

பாட்டு, சாம்பல், உருட்டு. பவித்ரா காலேஜிலிருந்து வந்து இழை எடுத்துக் கொடுத்தாள். ஐந்தே முக்காலுக்குக் கடைசி இழை. நிமிடத்துக்குப் பத்து வரை போனேன்.

அப்பா பாவை மெல்ல முன்னால் இழுத்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் மட்டும் விட்டது. அவரே முறுக்கிக்கொண்டார்.

"பரவால்லடா."

அவரிடமிருந்து இது பெரிய வார்த்தை. ராஜா மாதிரி இருந்தது. சாப்பிடும்போது ரசம் விரலில் சுரீர் என்றது.

பெட்டி எடை 18 கிலோ. இதில் ஊறுகாய் மட்டும் நாலு. அம்மாவோடு பேச்சுவார்த்தை நடக்கிறது.


ஜூன் 12, வெள்ளி

போச்சு.

பத்தரைக்கு ஏஜென்சி ஆள். என் வயசுதான் இருக்கும். ஹெல்மெட், டேப்லெட், தீப்பெட்டி சைசில் ரேகை மெஷின். அப்பா வீட்டில் இல்லை, முடித்த சேலையைக் கொடுக்க நெசவாளர் சங்கத்துக்குப் போயிருந்தார். அம்மா மோர் கொடுத்தாள்.

"ரைட் தம்ப் வைங்க சார்."

வைத்தேன். சிவப்பு.

"லெஃப்ட் தம்ப்."

சிவப்பு.

"கையைக் கழுவிக்கினு வாங்க சார்."

கழுவிக்கொண்டு வந்தேன். துண்டில் துடைத்தேன். வலது ஆள்காட்டி விரல். சிவப்பு. அவர் என் கையைப் பிடித்துத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"வழவழன்னு இருக்குதே. டைல்ஸ் போடறவங்க, சுண்ணாம்பு வேலை செய்றவங்க, அவங்களுக்குத்தான் சார் இப்படி ஆவும். நீங்க நர்ஸ்னு போட்டிருக்குது?"

"நர்ஸ்தான்."

டேப்லெட்டில் ஏதோ டைப் செய்தார். சந்தேகமாகத்தான் செய்தார், முகத்திலேயே தெரிந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. சர்டிஃபிகேட், மார்க் லிஸ்ட், கவுன்சில் கார்டு எல்லாவற்றையும் முன்னால் பரப்பினேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது சார், எனக்குப் பச்சை விழணும்" என்றார். மூன்று வாய்ப்பும் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி வருவாராம். அதுதான் கடைசி.

எச்.ஆருக்கு போன். அந்த அம்மா இங்கிலீஷில் அழகாகச் சொன்னார்: ஞாயிறும் ஆகவில்லை என்றால் அடுத்த பேட்ச். அடுத்த பேட்ச் எப்போது? தெரியாது.

விரலைப் பார்த்தேன். சொந்த விரலை இப்படி உற்றுப் பார்த்தது இதுதான் முதல் முறை. நுனி கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஒன்றரை நாள் சாம்பலில் தேய்த்திருக்கிறேன். மேல்தோல் புதுசாக வளர இரண்டு மூன்று வாரம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பதில். என்னிடம் இருப்பது இரண்டு நாள்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பாகிட்ட சொல்லாதடா. பாவு பிணைச்சதாலதான்னு தெரிஞ்சா ஒடைஞ்சிடுவாரு."

சொல்லவில்லை. அப்பா வந்ததும் "ஆளு வந்தானா?" என்று கேட்டார். "வந்தாரு, இன்னொரு தடவை வருவாரு" என்றேன். பொய் இல்லை.

பாஸ்கரிடம் சொன்னேன். "நீ இல்லாம நான் எப்படிடா அந்த ஊர்ல..." என்றான். எமர்ஜென்சி வார்டுக்குப் போகிறவன் பேசும் பேச்சா இது.

வாஸலின். கையுறை. அவ்வளவுதான் மருத்துவம்.


ஜூன் 13, சனி

வானம் மூடியிருக்கிறது. மழை இல்லை.

காலையிலிருந்து இரண்டு கையிலும் வாஸலின் தடவி மேலே ஆஸ்பத்திரிக் கையுறை. எதையும் தொடக் கூடாது. சோப்பு கூடாது. இட்லியை பவித்ரா ஊட்டினாள்.

"ஆபரேஷன் தியேட்டர் ரெடி டாக்டர். சட்னியா சாம்பாரா?"

"மூடிக்கினு ஊட்டு."

"நர்ஸுக்கே நர்ஸ் வேலை பாக்கறேன். சம்பளம் யாரு குடுப்பாங்க?"

அப்பா கையுறையைப் பார்த்தார். "கையில இன்னா?"

"அலர்ஜி."

"மூட்டை தூக்க முடியுமா?"

முடியும் என்றேன். வீட்டில் உட்கார்ந்து விரலைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். மறுபடி ரேஷன் கடை.

வசந்தா அக்கா லீவு முடிந்து வந்துவிட்டார். தலையைக் கூட நிமிர்த்தவில்லை. கார்டை வாங்கி, பில் மெஷினில் தட்டிக்கொண்டே:

"ஏகாம்பரம் அண்ணா, இடது மோதிர விரல்."

அப்பா அதற்கு முன்பே இடது கையைத் தூக்கியிருந்தார். மோதிர விரலை வைத்தார். பச்சை. மூன்று விநாடி.

நான் அப்படியே நின்றேன்.

"செவ்வாய்க்கிழமை எவனோ உங்களைத் திருப்பி அனுப்பிட்டானாமே, இன்னா ஆளுங்கப்பா" என்று அக்கா திட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இவருக்கு ஏன் கட்டைவிரல் விழலை?"

"உங்க தெருவுல யாருக்கு விழுந்துக்குது? முறுக்கி முறுக்கித் தேய்ஞ்சி கெடக்குது எல்லாருக்கும். உங்கப்பாக்கு இடது மோதிர விரல். எதிர்வீட்டு சரோஜாம்மாக்கு வலது சுண்டு விரல். குமுதாக்குப் பத்துமே விழாது, அவங்களுக்குக் கண்ணுதான் காட்டணும். மொத்தத் தெருவும் எனக்கு மனப்பாடம்." அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ இன்னாத்துக்குடா கையுறை போட்டுக்கினு அரிசி வாங்க வந்துக்கற?"

ஆதாரில் பத்து விரலும் இருக்கிறது. பத்தும்! முறுக்குவது கட்டைவிரலும் ஆள்காட்டியும். மோதிர விரல் சும்மா நிற்கிறது. நாலு வருஷம் அனாடமி படித்தவன். ஒரு தடவை யோசித்தேனா.

"அக்கா, நான் ஒரு தடவை விரல் வெச்சிப் பாக்கட்டா?"

"பில்லு போட்டாச்சி. அடுத்த மாசம் வா."

"அடுத்த மாசம் நான் சூரத்துல இருப்பேன்க்கா."

"ஜரிகைக்கா?"

திரும்பும்போது அப்பா டி.வி.எஸ்.ஸை ஓட்ட, நான் பின்னால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு. எல்லாவற்றையும் அவர் முதுகிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை, சிவப்பு, கடைசி வாய்ப்பு, அம்மா சொல்ல வேண்டாம் என்றது. வண்டியை ஓரம் கட்டினார். நான் பயந்தேன்.

"செவ்வாய்க்கிழமை ஏம்பா சொல்லல, வேற விரல்னு?"

"சொல்ல வந்தேன். நீ என் கட்டைவிரலைப் பிடிச்சி அமுக்கிக்கினு இருந்த."

அவ்வளவுதான் சொன்னார். கோபம் கூட இல்லை. இருந்திருந்தால் பரவாயில்லை.

பிறகு, "இடது கையை வை. வலது வேணாம். வலதுல நீ முறுக்கும்போது மோதிர விரலையும் சேத்து மடக்கற, நான் பாத்தேன். கெட்ட பழக்கம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். மூட்டை சரிந்தது.

கையுறையைக் கழற்றி வீசினேன். சாப்பாடு நானே சாப்பிட்டேன். இடது கையை மட்டும் தொடையில் வைத்துக்கொண்டு.


ஜூன் 14, ஞாயிறு

மேகம். காற்று.

ஆறு மணிக்கே குளித்துத் தயார். ஏஜென்சி ஆள் பத்துக்கு வர வேண்டியவர், பதினொன்றே காலுக்கு வந்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்னும் நாற்பது பேர் இருக்கிறார்களாம். எனக்கு அந்த நாற்பது பேர் மேலும் கோபம்.

"ரைட் தம்ப் வைங்க சார்."

"இடது மோதிர விரல் வெக்கறேன்."

"தம்ப்தான் சார் ப்ரொசீஜர்."

"ஆதார்ல பத்து விரலும் இருக்குது. எது வெச்சாலும் மேட்ச் ஆவும். உங்க ஆப்லயே விரல் மாத்தற இடம் இருக்கும், பாருங்க."

"எனக்கு அப்படி சொல்லித் தரல சார்."

"உங்க மேல இருக்கறவரைக் கேளுங்க."

போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. மறுபடி. எங்கேஜ்டு. நான் எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். அம்மா மோர் கொண்டுவந்தாள், அவர் வேண்டாம் என்றார், அம்மா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். வாசலில் சரோஜா அத்தை, "எங்க தெருவுல அப்படித்தான்பா, எனக்கும் சுண்டு விரல்தான்" என்று தன் விரலைத் தூக்கிக் காட்டினார். உள்ளே தறிச் சத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் பிணைத்த பாவு.

மூன்றாவது தடவை போன் எடுத்தார்கள். "ஆங்... ஓகே சார்... ஓகே." திரையில் ஏதோ இரண்டு இடத்தில் தட்டினார்.

வைத்தேன்.

பச்சை.

பவித்ரா கத்திய கத்தலில் அவர் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். உள்ளே தறி ஒரு நொடி நின்றது. பிறகு இரட்டை வேகத்தில் ஓடியது.

அம்மா அந்த மோரைத் தானே குடித்துவிட்டாள்.

பாஸ்கருக்கு போன். "மோதிர விரலா? இன்னாடா நிச்சயதார்த்தமா?" என்றான். அழுதுகொண்டே சொன்னான். பிறகு ஒத்துக்கொள்ள மாட்டான்.

ஊறுகாய்: ஒன்றாகக் குறைந்தது.


ஜூன் 15, திங்கள். ரயிலில்

அமாவாசை. தறிக்கு லீவு. தெருவே சத்தமில்லாமல் இருந்தது. அதனால் மொத்த வீடும் சென்ட்ரல் வரை வந்தது. சரோஜா அத்தை முதல் பஸ் வரைக்கும். "மாமாவுக்கு மறுபடி புண்ணு வந்தா யாரைக் கூப்பிடறது?" என்றார். இதைத்தான் எட்டாம் தேதியே கேட்டிருக்க வேண்டும் அத்தை.

பிளாட்பாரத்தில் அம்மா அழுதாள். பவித்ரா அழவில்லை, என் பழைய ஹெட்போனை எடுத்துக்கொண்டதை மட்டும் சொன்னாள், ரயில் நகர்ந்த பிறகு. நான் அழவில்லை. கண்ணில் தூசி, இரண்டு முறை.

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தார். ஜரிகைப் பெட்டியிலிருந்து கிழித்தது. சூரத் முகவரி, தெருப் பெயரோடு. "இந்த இடம் நெசமாவே இருக்குதான்னு ஒரு நாள் பாத்துட்டு சொல்லு. முப்பது வருஷமா படிச்சிக்கினு இருக்கேன்."

பர்ஸில் வைத்திருக்கிறேன்.

எதிர் சீட்டில் ஒரு சூரத் ஜவுளிக்காரர். அமாவாசை அன்று வேலைக்குக் கிளம்பினோம் என்று பாஸ்கர் உளறிவிட்டான். அவர் காதைப் பொத்திக்கொண்டார். அவர் ஊரில் அன்று படி தாண்ட மாட்டார்களாம். "எங்க ஊர்ல நல்ல நாளு" என்று என் ஓட்டை ஹிந்தியில் சொன்னேன். எங்களுக்காக அவரே ஏதோ முணுமுணுத்து வேண்டிக்கொண்டார். பிறகு அம்மா கட்டிக்கொடுத்த மிளகு இட்லியில் மூன்று சாப்பிட்டார்.

கூடூர் தாண்டியாயிற்று. ஜன்னல் சீட். ஜன்னலை விட்டு நகர மாட்டேன்.


ஜூன் 16, செவ்வாய். சூரத்

மழை! இறங்கியதும் முகத்தில் அடித்தது. ஏழு மாதப் புழுக்கமும் போய்விட்டது.

தாப்தி ஆறு பெரிசு. பாலாற்றில் நான் தண்ணீர் பார்த்த நாட்களை எண்ணிவிடலாம். இதில் படகே போகிறது.

ஹாஸ்டல் மூன்றாம் மாடி. அறையில் மூன்று பேர்: நான், பாஸ்கர், கோட்டயத்துக்காரர் ஒருவர், இங்கே இரண்டு வருஷம். அவர் கொடுத்த தகவல்கள்:
- சாம்பாரில் சர்க்கரை இருக்கும். அதிர்ச்சி அடையாதே.
- சீனியர் சிஸ்டரிடம் எதிர்த்துப் பேசாதே.
- ஆண் நர்ஸான நம்மை இங்கேயும் பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள். வயசானவர்கள் பாய் என்பார்கள், அதுவும் அண்ணன் தம்பிதான்.

சாம்பாரில் சர்க்கரை இருந்தது. அதிர்ச்சி அடைந்தேன்.

யூனிஃபார்ம் கிடைத்தது. கடல் நீலம். தோள் கொஞ்சம் பெரிசு. கண்ணாடியில் நாலு போட்டோ, அனுப்பிவிட்டேன். அப்பா பவித்ரா போனிலிருந்து ஒரு கட்டைவிரல் எமோஜி போட்டிருக்கிறார். வேண்டுமென்றே போட்டாரா, தெரியவில்லை.


ஜூன் 17, புதன்

மழை நிற்கவில்லை. டூட்டி ஏழரை. ஏழுக்கே போய் நின்றேன்.

வாசலில் வருகைப் பதிவு மெஷின். கிளார்க் "தம்ப்" என்றார். இடது மோதிர விரலை வைத்தேன். பச்சை. ஏன் என்று கேட்டார். எங்க தெரு வழக்கம் என்றேன்.

ஐ.சி.யூ. பன்னிரண்டு பெட். சத்தம், பீப், குளிர். வென்டிலேட்டர் காலேஜில் பார்த்ததைவிடப் புது மாடல். கை துறுதுறுத்தது. தொடாதே என்றார் இன்சார்ஜ் சிஸ்டர். ஒன்பது மணிக்கு அவரே, "பிரதர், பெட் 4, ட்ரிப்ஸுக்கு லைன் போடு."

எழுபது வயசுப் பெரியவர். நீர் வற்றிப் போய் வந்தவர். முழுக்கைச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. பக்கத்தில் இருந்தது வலது கை. மணிக்கட்டில் நல்ல வெயின், கயிறு மாதிரி. இது முப்பது விநாடி வேலை. நரம்பு எழும்ப டூர்னிக்கே பட்டையைக் கட்டிவிட்டேன். தட்டினேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். நான் மறுபடி பிடித்தேன். மறுபடி இழுத்தார். ஏதோ சொன்னார்.

'சும்மா இருங்க, நான் பாத்துக்கறேன்.' வாய் வரைக்கும் வந்துவிட்டது, தமிழில். அவருடைய கட்டைவிரல் என் பிடியில் இருந்தது.

விட்டேன். டூர்னிக்கேயை அவிழ்த்தேன். குனிந்தேன்.

"டாபோ?"

"டாபோ, டாபோ!" இடது கையைத் தானே நீட்டினார். முழங்கைக்குக் கீழே ஒரு இடத்தைத் தானே தொட்டுக் காட்டினார். கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. விரலை வைத்துத் தேடினேன். இருந்தது, ஆழத்தில். இழை மாதிரி. ஒரே குத்து. கேனுலாவுக்குள் ரத்தம் தெரிந்தது.

"சாபாஷ், பாய்" என்றார் கண்ணை மூடிக்கொண்டு.

பிறகு வலது சட்டைக் கையை மடித்துப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க வீங்கிக் கறுத்திருந்தது. இங்கே கொண்டுவருவதற்கு முன்னால் எங்கோ, யாரோ நாலு இடத்தில் குத்திப் பார்த்திருக்கிறார்கள். அவரும் சொல்ல வந்திருப்பார்.

இன்சார்ஜ் சிஸ்டர் தூரத்திலிருந்து, "பெட் 5."

போனேன். ஒரு அம்மாள். பொருட்களைத் தட்டில் வைத்தேன். ஊசி உறையைப் பிரிக்கவில்லை. எந்தக் கை என்று முதலில் கேட்டேன்:

"கயோ ஹாத்?"